நாலடி மிச்சம்

பஸ் யன்னலால உதைப் பாத்தனீங்களோ தங்கச்சி? அந்த மூலை வீட்டு வாசல்ல நிண்டுதே, குப்பை பின். ஓம், அந்தப் பச்சை இரும்புப் பெட்டிதான். வீடு துப்பரவாக்கிற ஆக்கள் வாடகைக்கு எடுக்கிறது. லொறியில கொண்டுவந்து இறக்கி விடுவாங்கள். நாங்கள் நிரப்பினாப் பிறகு வந்து தூக்கிக்கொண்டு போவாங்கள். அதுக்க எப்பிடிப் போட்டிருக்கினம் எண்டு பாத்தனீங்களோ? சோபாவை நாலு காலும் மேல பாக்க அப்பிடியே எறிஞ்சிருக்கினம். அதுக்கு அடியில எவ்வளவு காத்து! காசு குடுத்துக் காத்தை ஏத்தி அனுப்பப்போகினம். சீ.

நீங்கள் தமிழ் எண்டபடியால் கதைக்கிறன், குறை நினைக்காதேங்கோ. நான் இருவத்தேழு வருசம் வெயார்ஹவுஸில லோடிங் செய்தனான். ஐம்பத்திமூண்டடி ட்ரெயிலர். கதவைச் சாத்தேக்க கடைசிப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில என்ர உள்ளங்கை போகாது. சுப்பவைசர் வெள்ளைக்காரன், ஒருத்தரையும் புகழாதவன், என்ர ட்ரெயிலரைப் புதுசா வாற பெடியளுக்குக் காட்டுறவன். "சிறி ஏத்தினதைப் பாருங்கோ" எண்டு. அப்பிடிப்பட்ட ஆள் நான். அந்த எனக்குத்தான் இண்டைக்கு இந்தக் கெட்ட பேர்.

பொறுங்கோ, முதல்ல இருந்து சொல்லுறன்.

எனக்கு ஒரு அண்ணை. தர்மகுலசிங்கம். சனம் குலமண்ணை எண்டுதான் கூப்பிடும். என்னிலும் எட்டு வயசு மூப்பு, இப்ப எழுவத்தாறு. அண்ணி செத்து ஏழு வருசம். பிள்ளையள் இல்லை. மனுசன் தனிய ஒரு முழு வீட்டில இருந்தவர். நாங்கள் போனால் வாசல்ல வைச்சுக் கதைச்சு அனுப்பிப்போடுவார். "உள்ள கொஞ்சம் சாமான் பரவிக்கிடக்குது" எண்டுவார். நானும் சரியெண்டு வந்திடுவன். எனக்கும் வேலை, வீடு, ஆயிரம் அலுவல்.

இந்தப் பங்குனியில மனுசன் படியில விழுந்து இடுப்பெலும்பை உடைச்சுக்கொண்டார். ஒப்பரேஷன் செய்து, நடை பழக்கிற இடத்தில ஆறு கிழமை வைச்சிருந்தவங்கள். ஆம்புலன்ஸ்காரர் வீட்டுக்குள்ள போய்ப் பாத்ததை எழுதிக் குடுத்திருக்கிறாங்கள் போல. ஆஸ்பத்திரிப் பிள்ளை ஒண்டு என்னைக் கூப்பிட்டுச் சொல்லுது, வீடு துப்பரவாகாமல் இவரை அனுப்பமாட்டம், இல்லாட்டி முதியோர் இல்லத்துக்குத்தான் எண்டு.

நான் அண்ணையிட்டப் போய்ச் சொன்னன்.  அவர் சொன்னவர், "சரி. உள்ள நீ என்னவும் செய். கராஜ்ஜுக்க மட்டும் கை வையாத."

"ஓம் அண்ணை" எண்டனான்.

"என்ன சொன்னனான்?"

"கராஜ்ஜுக்க கை வைக்கமாட்டன்."

சின்னப் பிள்ளையைக் கேக்கிற மாதிரிக் கேட்டவர். அறுவத்தெட்டு வயசில எனக்கு அது தேவையோ?

அந்த வீட்டைச் சொல்லுறதோ விடுறதோ தெரியேல்லை. நீங்கள் சாப்பிட்டிட்டு வந்தனீங்களோ? சரி, சொல்லுறன். கதவு பாதிதான் திறந்தது. பின்னால பேப்பர். இலவசமாக் கடையில கிடக்குமே தமிழ்ப் பேப்பர், பதினொரு வருசத்துப் பேப்பர், கட்டுக்கட்டா இடுப்பளவுக்கு. ஈரத்தில ஊறி, ஒண்டோடொண்டு ஒட்டி, தூக்கினால் அடியில வெள்ளைப் புழு. தயிர்ப் பேணி மட்டும் அறுநூறு இருக்கும், ஒண்டையும் வடிவாக் கழுவேல்லை. பிளாஸ்ரிக் பைக்குள்ள பை, அதுக்குள்ள பை, அதுக்குள்ள இன்னொரு பை. அரிசி மூட்டையில பாதி அரிசி, பாதி எலிப்புழுக்கை. பிரிட்ஜைத் திறந்தன். அண்ணை விழுந்த அண்டைக்கு வைச்ச சோறாக்கும், பானைக்குள்ள முடி முளைச்சுக்கிடந்தது. முடி தங்கச்சி, மயிர் மாதிரி, சாம்பல் நிறத்தில. என்ர மனுசி பவளராணி வெளியில ஓடிப்போய்ப் பூச்சாடியடியில சத்தி எடுத்தவ. குளிக்கிற தொட்டி நிறைய உடுப்பு. அப்ப மனுசன் எங்க குளிச்சவர்? குளிச்சவரோ? நான் கேக்கேல்லை.

என்னோட ஒரே வயித்தில பிறந்தவர். ஊரில வெள்ளை வேட்டியில ஒரு பொட்டு ஊத்தை பட விடாதவர். அந்த ஆள் இப்பிடியோ எண்டு நினைக்க எனக்குக் கவலை வரேல்லை, கோபம்தான் வந்தது. கோபமும் இல்லை. அரியண்டம். மேலெல்லாம் ஊருற மாதிரி.

ஆனா பின் வந்து இறங்கினவுடன நான் வேற ஆள். இருவது கியூபிக் யார்ட் பின், இருவத்திரண்டடி நீளம், பின்பக்கம் கதவு திறக்கலாம். சனத்துக்கு அது தெரியாது, மேலால எறியும். நான் கதவைத் திறந்து உள்ள நடந்து போய் முன் சுவரில இருந்து கட்டிக்கொண்டு வந்தனான். அலுமாரி, கட்டில் எல்லாத்தையும் கழட்டிப் பலகையாக்கி அடியில பரப்பினன். பாரமானது கீழ, லொறிப் பக்கமா. பேப்பர்க் கட்டை எல்லாம் செங்கல் மாதிரி மாத்தி மாத்தி அடுக்கினன். இழுத்துத் திறக்கிற மேசை லாச்சிக்குள்ள பேணி. பேணிக்குள்ள பை. கதிரைக் கால் இடுக்கில உடுப்பு. மெத்தையைப் படுக்க வைக்கக் கூடாது, ஓரமா நிமித்திச் சுவரோட செருக வேணும். ராணி உள்ளுக்கிருந்து கொண்டுவந்து தர, நான் பெட்டிக்குள்ள நிண்டு வாங்கி வாங்கி வைச்சன். ஒரு சாமானையும் ரெண்டாந்தரம் தொடேல்லை. அந்த மணத்துக்க நிண்டும் எனக்கு ஒரு சந்தோசம் வந்தது எண்டு சொன்னால் நம்புவீங்களோ?

பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்தவன் தெரியுமோ? ரெண்டாம் நாள் விடிய வந்து பாத்தால், நான் கட்டின அடுக்குக்கு மேல அவன்ர மெத்தை. மூத்திரக் கறையும் மூட்டைப்பூச்சியுமா. போய்க் கதவைத் தட்டினன். "இடம் கிடந்தது, அதுதான் போட்டனான்" எண்டு பல்லைக் காட்டுறான். என்ர பின்! நான் வாடகை கட்டின பின்! மற்றவன்ர இடத்தில என்னத்தையும் கொண்டுவந்து கொட்டலாமோ? கேக்காமல் கை வைக்கலாமோ? நல்லா ஏசிப்போட்டு, அந்த மெத்தையை இழுத்துக்கொண்டு போய் அவன்ர வாசல்ல சாத்திப்போட்டு வந்தன்.

ரெண்டாம் நாள் பின்னேரம் நாலு மணி. உள்ளுக்கு எல்லாம் முடிஞ்சுது. கூட்டி, கழுவி, மருந்தடிச்சு, வீடு வெறும் பெட்டி மாதிரி. நான் வெளியில வந்து பின்னைப் பாத்தன்.

நாலடி மிச்சம்.

கதவுப் பக்கம் நாலடி நீளம், எட்டடி அகலம், மேல நிரப்பக் கீறியிருக்கிற கோடு வரைக்கும் வெறும் இடம். மற்றவன் ஏத்தியிருந்தால் ரெண்டு பின் பிடிச்சிருக்கும். நான் ஏத்தினபடியால் நாலடி மிச்சம். காலமை லொறி வந்திடும். நான் வாழ்க்கையில ஒரு ட்ரெயிலரையும் குறையா அனுப்பினதில்லை. ராணி சொல்லுறா, "இஞ்சேருங்கோ, காணும், போதும், வாங்கோ போவம், உடம்பெல்லாம் நாறுது."

நான் கராஜ் கதவைத் தூக்கினன்.

"அண்ணை வேண்டாமெண்டவரெல்லே?" எண்டா.

"அண்ணைக்கு என்ன தெரியும்? உள்ள வைச்சிருந்ததையும் தேவையான சாமான் எண்டுதானே வைச்சிருந்தவர்?"

நியாயமான கேள்வி தானே? 

கராஜ்ஜுக்க என்ன இருந்தது தெரியுமோ? வருத்தக்காரரின்ர, நடக்க ஏலாத ஆக்களின்ர சாமான். வீல்செயார் பதினாலு. வோக்கர் இருவதுக்கு மேல. ஊன்றுகோல், குளிக்கிற தொட்டிக்குள்ள வைக்கிற கதிரை, கக்கூஸ் கதிரை ஒன்பது. ஆர் ஆரோ இருந்து கழிச்ச கதிரை, தங்கச்சி! ஆர் ஆர் அதில இருந்து செத்தினமோ! எனக்கு உள்ள கிடந்த புழுவைக் காட்டிலும் அதுதான் அரியண்டமா இருந்தது. வரிசையா, சுவரோட, வடிவாத்தான் வைச்சிருந்தவர், அதைச் சொல்ல வேணும். எண்ணெய் மணம். ஒவ்வொண்டிலயும் ஒரு சின்னக் கடுதாசித் துண்டு நூலில கட்டித் தொங்கினது. பேரும் போன் நம்பரும். நான் நினைச்சன், செத்த ஆக்களின்ர பேராக்கும் எண்டு. இன்னும் பயந்தன்.

வீல்செயாரை மடிச்சால் அரையடித் தடிப்புத்தான். பதினாலையும் புத்தகம் மாதிரி நிமித்தி வைச்சன். வோக்கரை ஒண்டுக்க ஒண்டு செருகினன். கக்கூஸ் கதிரைக்குக் காலைக் கழட்டி, வாளியை வாளிக்குள்ள போட்டன். நாலடியும் நிறைஞ்சு, கதவு என்ர தோளால ஒருக்காத் தள்ள "டக்" எண்டு பூட்டுப்பட்டது. அந்தச் சத்தம் இருக்கே!

காலமை வந்த லொறிக்காரன் மேல ஏறிப் பாத்துப்போட்டு, "நீ என்ன வேலை செய்தனீ?" எண்டு கேட்டவன். போன்ல படமும் எடுத்தவன்.

செவ்வாய்க்கிழமை அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தம். அரசாங்கம் குடுத்த புது வோக்கர் பிடிச்சு மெல்ல மெல்ல உள்ள வந்தார். முன் ஹோலில நிண்டு நாலு பக்கமும் பாத்தார். நான் நினைச்சன், ஒரு சொல் சொல்லுவார் எண்டு. கழுவின நிலத்தில முகம் தெரியுது. அவர் நேர குசினிக்கால போய், கராஜ்ஜுக்குப் போற சின்னக் கதவைத் திறந்தவர். லைற்றைப் போட்டார். நிண்டார்.

"ஒண்டும் இல்லையோ?" எண்டார்.

"இல்லை அண்ணை. அதையும் கழுவி விட்டிருக்கிறன்."

"அந்தத் துண்டுகள்?"

"எந்தத் துண்டு?"

லைற்றை நூத்தார். "வியாழக்கிழமை லோகநாயகி வருவா" எண்டார். அவ ஆர் எண்டு கேட்டன். அவர் போய் முகட்டைப் பாத்துக்கொண்டு படுத்திட்டார்.

வியாழக்கிழமை நான் சோறும் மீன்குழம்பும் கொண்டு போன நேரம் ஒரு டாக்ஸி வந்து நிண்டது. அறுவது வயசிருக்கும், ஒரு பொம்பிளை இறங்கி வந்தா. முன் சீற்றில அவவின்ர மனுசன் சாஞ்சு கிடக்கிறார், பாரிசவாதம், ஆஸ்பத்திரியில வீட்டுக்குப் போகச் சொல்லி நேர வாறினமாம். "குலமண்ணை, கதிரை எடுக்க வந்தனான்" எண்டா. "நீங்கள் விழுந்தனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தும் என்ர போனை எடுத்து, வியாழன் வாங்கோ, கதிரை இருக்குது எண்டனீங்களே" எண்டு அழுறா.

அண்ணை என்னைக் காட்டினார். "தம்பி சொல்லுவான்."

பாருங்கோ. அவர் சொல்லலாம் தானே? என்னைச் சொல்ல வைச்சவர்.

"அக்கா, அதுகளைக் குப்பையில போட்டாச்சு" எண்டன்.

"எதை?"

"எல்லாத்தையும்."

ஏசுவா எண்டு நினைச்சன். அவ திரும்பி டாக்ஸியைப் பாத்தா. "அப்ப இவரை எப்பிடி மேல கொண்டு போறது?" எண்டு என்னைக் கேட்டா. உண்மையாத்தான் கேட்டா, எனக்குத் தெரியும் எண்டு நினைச்சு.

அண்டைக்கு அவ சொல்லித்தான் எனக்கு விசயம் தெரியும். அண்ணை குப்பை நாளில தெருத்தெருவாப் போய், சனம் வெளியில வைக்கிற வீல்செயாரையும் வோக்கரையும் எடுத்துக்கொண்டு வந்து, கழுவி, சில்லுக்கு எண்ணெய் விட்டு, வாங்க வழியில்லாத ஆக்களுக்குச் சும்மா குடுக்கிறவராம். அண்ணி கடைசி நாளில வீல்செயாருக்குக் காத்திருந்தவ. வந்தது செத்த வீட்டுக்குப் பிறகு. அதில இருந்து செய்யிறவராம். ஏழு வருசம்! எனக்கு ஒரு சொல் சொன்னவரோ? நான் ஆர், றோட்டால போறவனோ? சொல்லியிருந்தால் நான் தொட்டிருப்பனோ?

கை வையாத எண்டவர்தான். ஏன் எண்டு சொல்லேல்லை.

அந்த டாக்ஸியில நானும் ஏறினன். என்ன செய்யிறது? அவையின்ர அப்பாட்மென்ற்றில லிப்ட் இருக்குது, ஆனா வாசல்ல இருந்து லிப்ட்டுக்கு, லிப்டில இருந்து வீட்டுக்கு எப்பிடி? கட்டடத்தைப் பாக்கிறவனிட்டக் கெஞ்சி அவன்ர சில்லுப் பூட்டின ஒபிஸ் கதிரையை வாங்கி, அதில அந்த மனுசனை இருத்தி, சரிஞ்சு விழாமல் நான் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, அவ பின்னால தள்ள, ஒன்பதாம் மாடிக்குப் போனம். லிப்டுக்க வைச்சு மனுசன் நனைஞ்சு போனார். சூடா என்ர வயித்தால, காலால வழிஞ்சு போகுது. கையை விட ஏலாது, விட்டால் விழுந்திடுவார். ஒன்பது மாடி. அவற்ற வாய் ஒரு பக்கம்தான் அசையுது. அந்த அரை வாயால, "மன்னிச்சுக்கொள்ளும் தம்பி" எண்டார்.

வீட்டுக்கு வந்து மூண்டு தரம் குளிச்சன். அந்தச் சேட்டைத் துவைக்கக் கூட விடேல்லை, எறிஞ்சிட்டன். ஆனா ஒண்டு சொல்லுறன் தங்கச்சி, மூத்திரத்தின்ர அரியண்டம் குளிக்கப் போயிட்டுது. அந்த மனுசன் மன்னிப்புக் கேட்டாரெல்லே, அது போகேல்லை. ஏன் கேக்க வேணும்? என்னட்ட ஏன் கேக்க வேணும்?

பின்காரருக்குப் போன் எடுத்தன். போன கிழமைச் சாமானை எங்க கொட்டினீங்கள், நான் வந்து எடுக்கிறன் எண்டன். அந்தப் பிள்ளை சிரிச்சுப்போட்டு, அது அண்டைக்கே நசுக்குப்பட்டு எங்கயோ போயிருக்கும் எண்டுது. நான் நெருக்கமா ஏத்தினபடியால் நசுக்கிறதும் லேசா இருந்திருக்கும்.

பிறகு ஒவ்வொரு நாளும் சனம் வரத் தொடங்கிச்சுது. மணி அடிக்கும். "குலமண்ணை சுகமோ? அம்மாவுக்கு ஒரு வோக்கர் கேட்டிருந்தனான்." "குலமண்ணை, அந்தக் குளிக்கிற கதிரை..." துண்டில இருந்த நம்பர் எல்லாம் துண்டோட போனபடியால் அவராலயும் ஒருத்தருக்கும் வராதேங்கோ எண்டு சொல்ல ஏலேல்லை. அவர் வாசல்ல நிண்டு, ஒண்டும் இல்லை பிள்ளை, முடிஞ்சுது பிள்ளை எண்டு சொல்லி அனுப்புவார். என்ர பேரைச் சொல்லேல்லை. நான் கேட்டுக்கொண்டு நிப்பன், சொல்ல மாட்டார். சொன்னாலும் பரவாயில்லை எண்டிருக்கும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை போறன், மனுசன் ஹோலின்ர நடுவில நிக்கிறார். வெறுங்கையோட. இந்தப் பக்கமும் போக ஏலாமல் அந்தப் பக்கமும் போக ஏலாமல் நிக்கிறார்.

"வோக்கர் எங்க அண்ணை?"

"ஒருத்தர் வந்தவர். குடுத்திட்டன்."

"உங்களுக்கு?"

அவர் கையை நீட்டிக் காட்டினார், வெறும் நிலத்தை. "இஞ்ச ரீவிப் பெட்டி இருந்தது. அங்க பேப்பர்க் கட்டு. பிறகு கதிரை. பிறகு அரிசி மூட்டை. அப்பிடிப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் ரெண்டு வருசம் நான் குசினிக்குப் போய் வந்தனான்" எண்டார். "முழங்கால் சரியில்லை. உனக்குச் சொல்லேல்லை."

நீங்களே சொல்லுங்கோ. பேப்பர்க் கட்டைப் பிடிச்சு நடக்கிற மனுசரை எங்கயாவது கண்டிருக்கிறீங்களோ? ஆர் நினைப்பினம்? குப்பை எண்டுதானே நினைப்பினம்?

நான் கையை நீட்டினன். "பிடியுங்கோ அண்ணை."

என்ர கையைப் பாத்தார். கன நேரம் பாத்தார். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது, நான் அந்தப் பிரிட்ஜுக்குள்ள பானையைத் திறந்து பாத்தனே, அப்பிடிப் பாத்தார். பிறகு அப்பிடியே நிலத்தில குந்தி, தவண்டு போய்ச் சுவரைப் பிடிச்சு எழும்பினார். என்ர அண்ணை. என்னைச் சைக்கிள் பாரில இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர்.

இப்பவும் அங்கதான் போறன். சாப்பாடு கொண்டு போறன், கிழமைக்கு நாலு நாள். புது வோக்கர் ஒண்டும் கடையில வாங்கிக் குடுத்தனான், பெட்டி உடைக்காமல் கராஜ்ஜுக்க நிக்குது. ஆருக்கோ எண்டு வைச்சிருக்கிறாராக்கும். விசர் தானே? நாளைக்கு விழுந்து மற்ற இடுப்பும் உடைஞ்சால் ஆர் பாக்கிறது? நான்தான். ஆனா ஏச்சும் எனக்குத்தான். ராணியும் என்னோட வடிவாக் கதைக்கிறேல்லை இப்ப.

பொத்தானை ஒருக்கா அமத்தி விடுங்கோ தங்கச்சி, அடுத்தது என்ர இறக்கம்.

அவற்ற வீட்டுப் பூட்டின்ர திறப்பு என்னட்டத்தான் கிடக்குது, இந்தச் சேட்டுப் பொக்கற்றில. துப்பரவாக்கின நாளில இருந்து திறந்துகொண்டு உள்ள போனதுதான். இப்ப போறேல்லை. மணியை அடிச்சுப்போட்டு வாசல்ல நிப்பன். அவர் கட்டிலால எழும்பி, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து திறக்கப் பத்து நிமிசமாகும். சில நாள் அதுக்கும் மேல. உள்ளுக்குச் சுவரில கை உரசுற சத்தம் கேக்கும். சில நாள் பாதி வழியில அந்தச் சத்தம் நிண்டிடும். பிறகு திரும்பக் கேக்கும்.

நான் நிப்பன்.